கைக்கு ஏற்ற பிஸ்டல்

டில்லியில் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் பொருள்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் வீணை, வயலின். பிறகு கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் ராக்கெட். இப்போது சில வீடுகளில் பிஸ்டல் கேட்கிறார்கள்! 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அரியானாவின் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலமும், இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்புக் குழுப் போட்டியில் இன்னொரு வெண்கலமும் வென்றது முதல் இந்த ஆசை நம் குடும்பங்களிலும் புகுந்துவிட்டது. அதே ஒலிம்பிக்கில் ரைபிள் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாளே அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்பதில் என் போன்ற பழைய ரயில்வேக்காரர்களுக்குத் தனிப் பெருமை.

"நீங்கள் இன்ஜினீயர் ஆயிற்றே, எந்தப் பிஸ்டல் வாங்கலாம் சொல்லுங்கள்" என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. ரயில்வே பொறியாளருக்கும் பிஸ்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கருவி என்று வந்துவிட்டால் சம்பந்தம் உண்டு. எந்தக் கருவியும் முதலில் பிடிப்பவன் கைக்குப் பொருந்த வேண்டும். அதன் பிறகுதான் விலையும் பெயரும். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால் பணமும் போகிறது, சில சமயம் பிள்ளையின் மணிக்கட்டும் கெடுகிறது. ஆகவேதான் இக்கட்டுரை.

துக்ளகாபாத்தில் ஒரு மைதானம்

டில்லியில் இந்த விளையாட்டுக்குத் தலைமைப் பீடம் துக்ளகாபாத்தில் சூரஜ்குண்ட் செல்லும் வழியில் உள்ள டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. பிகானேர் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். இந்த விளையாட்டுக்கான தேசியச் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் அன்றைய மக்களவைத் தலைவர் மாவ்லங்கர்.

மன்னர்களும் ஜமீன்தார்களும் பொழுதுபோக்காக வைத்திருந்த விளையாட்டு இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எட்டியிருக்கிறது. நம் பங்கும் இதில் உண்டு. பாரிசுக்குச் சென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண். வெளி மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை என்ற வகையில் அவர் நம் வீட்டுப் பிள்ளைதான். புதுக்கோட்டை தொண்டைமான் வம்சத்து பிரித்விராஜ் தொண்டைமானும் பாரிசில் சுட்டார். இவர்கள் இருவரும் ரைபிள், ஷாட்கன் பிரிவினர். பிஸ்டலில் இந்த உயரத்துக்குச் செல்லும் இடம் நம்மவர்களுக்காகக் காத்திருக்கிறது.

எண்களின் அர்த்தம்

துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழுவது எண்கள்தான். பாயிண்ட் டூ டூ, பாயிண்ட் த்ரீ டூ, நைன் எம்.எம். என்பார்கள். குழலின் உள்விட்டத்தைக் குறிப்பவை இவை. .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர். .32 ஏறத்தாழ 8 மி.மீ. பிள்ளைகள் சுடும் ஏர் பிஸ்டல் .177, அதாவது 4.5 மி.மீ. இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது.

எண் பெரிதானால் கையில் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, வரும் விடையைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் வேகம் கிடைக்கும். வெடிமருந்து வாயுவின் பங்கை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டேன்.

ஏர் பிஸ்டலில் அரை கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. பிஸ்டல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உதைப்பு வினாடிக்கு 8 சென்டிமீட்டர்தான், கை அதை உணர்வதே அரிது. .22 போட்டிப் பிஸ்டலில் 2.6 கிராம் குண்டு 300 மீட்டர் வேகத்தில் போனால், 1.2 கிலோ பிஸ்டல் வினாடிக்கு 65 செ.மீ. வேகத்தில் பின்னுக்கு வரும். இது எட்டு மடங்கு. .32 ரிவால்வரில் 6 கிராமுக்கு மேற்பட்ட குண்டு 215 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், அரை கிலோ ரிவால்வர் வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் உள்ளங்கையை இடிக்கும். ஏர் பிஸ்டலைப் போல முப்பது மடங்குக்கு மேல்!

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே .32 தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் உதைப்பின் வேகம் பாதியாகிவிடும். கனமான துப்பாக்கி அமைதியாகச் சுடும். இலேசான துப்பாக்கி தூக்கச் சுகம், சுட வேதனை. கடையில் தூக்கிப் பார்த்து "அப்பாடா, எவ்வளவு லேசு!" என்று மகிழ்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உதைப்புக்குப் பயந்த கை அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே சுருங்கிக் கொள்ளும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது கடினம். ஆகவேதான் தொடங்குபவர்களுக்கு ஏர் பிஸ்டலே உரியது.

கைப்பிடிதான் பிஸ்டல்

டிப்ளமா படிக்கும்போது பட்டறை வகுப்பில் முதல் வாரம் முழுவதும் அரம் பிடிக்கத்தான் கற்றுத் தந்தார்கள். பிறகு இருப்புப் பாதையில் வேலை பார்த்தபோது கவனித்தேன், தினமும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் கீமேன் தன் சுத்தியலை இன்னொருவரிடம் கொடுக்கமாட்டார். பிடி அவர் கைக்கேற்பத் தேய்ந்திருக்கும். வேறு சுத்தியலால் அடித்தால் மாலைக்குள் கொப்புளம்.

பிஸ்டலிலும் அப்படியே. சுவிட்சர்லாந்தில் போட்டிப் பிஸ்டல் தயாரிக்கும் மோரினி நிறுவனத்தை நிறுவிய செசாரே மோரினி, முதலில் கைப்பிடிகள் செய்து பெயர் பெற்றவர். உலகத் தரமான பிஸ்டல்களில் குழலுக்கும் விசைக்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவு. கைப்பிடியில்தான் எல்லாம் இருக்கிறது. அது வாதுமை போன்ற மரத்தில் செய்யப்பட்டு, பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது என்று அளவு வாரியாக வரும். இடக்கை, வலக்கை என்றும் தனித்தனி.

பொருத்தம் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். செருப்புக் கடையில் காலை விட்டுப் பார்ப்பது போல இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவு, கைப்பிடியின் மேற்புறப் பள்ளத்தில் இடைவெளியில்லாமல் அமர வேண்டும். குழலின் கோடு முன்கையின் கோட்டோடு ஒன்றாக ஓட வேண்டும்.

இரண்டாவதாக, பிடிப்பது நடுவிரலும் மோதிர விரலும். அவை நேர் பின்னோக்கி, உள்ளங்கையை நோக்கி அழுத்த வேண்டும். சுண்டுவிரல் சும்மா இருக்கட்டும். பெருவிரல் அழுத்தினால் பிஸ்டல் பக்கவாட்டில் திரும்பும்.

மூன்றாவதாக, ஆட்காட்டி விரல் கைப்பிடியையோ சட்டத்தையோ தொடாமல், முதல் கணுவின் சதைப்பகுதி மட்டும் விசையில் பட வேண்டும். விரல் எட்டவில்லை என்றாலும், எட்டி மீறிப் போனாலும், விசையை முன்பின் நகர்த்தச் சரிசெய்யும் திருகு உண்டு. அப்படியும் எட்டாவிட்டால் கைப்பிடி பெரிது என்று அர்த்தம்.

நான்காவதாக, கீழே உள்ளங்கை தாங்கும் பலகை கையின் அடிப்பகுதியை மெல்லத் தொட வேண்டும், நெருக்கக் கூடாது. போட்டி விதிப்படி மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். கைப்பிடியின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது.

ஐந்தாவது சோதனைதான் இறுதித் தீர்ப்பு. குண்டில்லாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முனையிலுள்ள முன்குறி, பின்குறியின் பள்ளத்தில் நடுவாக நின்றால் பொருத்தம் சரி. இடமோ வலமோ ஒதுங்கியிருந்தால் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யக் கூடாது. கைப்பிடியைத்தான் திருத்த வேண்டும். அரம் கொண்டு சிறிது சீவியும், மரப்பூச்சு வைத்து நிரப்பியும் பயிற்சியாளர்கள் இதைச் செய்து தருவார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 33 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 30 மி.மீ. தள்ளிப் படும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. ஆகவே பத்துக்குப் பதில் ஏழு! ரயிலில் 'பாயிண்ட்ஸ்' சில மில்லிமீட்டர் சரியாக ஒட்டாமல் நின்றால் வண்டி என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஒரு கையால் எழுதிய வரலாறு

கை எப்படிப்பட்டதோ அதற்கேற்ற கருவி என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாச். 1938-இல் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தார். மனம் தளராமல் இடக்கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் விரைவுப் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. துக்ளகாபாத்தைத் தாண்டி மதுரா செல்லும் பாதையில், பரீதாபாத்தை அடுத்து வரும் ஊர் வல்லப்கர். அங்கு வளர்ந்த மனிஷ் நர்வால் பிறவியிலேயே வலக்கையில் குறையுள்ளவர். இடக்கையால் சுட்டு, 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் தங்கமும், 2024 பாரிசில் 10 மீட்டரில் வெள்ளியும் வென்றார். "என் பிள்ளை இடக்கைக்காரன், பரவாயில்லையா?" என்று தயங்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கையோடு கண்ணையும் பார்த்துவிட வேண்டும். இரு கைகளாலும் சிறு முக்கோண இடைவெளி அமைத்து, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் தெரிகிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருக்கலாம். அது தடையில்லை. ஆனால் கைப்பிடி வாங்கும் முன் பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுகமாகச் சுடுவது

விதிப்படி ஏர் பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டிய ஒரே கையில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டை பேசும்! போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. அதற்கு முன் பழகு குண்டுகள் வேறு. சரியாக அமையாததால் சுடாமல் கையை இறக்கும் முறைகளையும் சேர்த்தால், நூறு தடவைக்கு மேல் கை உயரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரும் பாரம். இளையோருக்கென்று எடை குறைந்த, குட்டையான பிஸ்டல்கள் உள்ளன. ஏர் பிஸ்டலில் உதைப்பு இல்லாததால் அங்கே எடைக் குறைவால் நஷ்டமில்லை. ஆரம்பத்தில் தாங்கியின் மேல் வைத்துச் சுடப் பழகுவதும் உண்டு.

விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடையளவு அழுத்தம் தேவை என்பது விதி. போட்டிக்கு முன் அரை கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு இதைச் சோதிப்பார்கள். கை நடுங்கும் பிள்ளைக்கு விசை கடினமாகத் தோன்றுகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் விசையில் இருக்காது. கைப்பிடி பெரிதாக இருந்து விரல் நுனியால் இழுக்க வேண்டி வந்திருக்கும். பயிற்சிக்குப் பிறகு மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி நீடித்தால், பிள்ளையைத் திட்டாமல் முதலில் கைப்பிடியைச் சோதியுங்கள்.

விலையும் வதந்தியும்

பாரிஸ் வெற்றிக்குப் பிறகு மனு பாக்கரின் பிஸ்டல் ஒரு கோடி ரூபாய் என்று வதந்தி பரவியது. ஒன்றரை லட்சத்திலிருந்து 1.85 லட்சம் வரைதான், அதுவும் ஒருமுறைச் செலவு என்று அவரே விளக்கம் அளித்தார். நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவும் சிறு தொகையில்லை. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து, வருடம் ஒருமுறை ஊருக்குப் போய்வரும் குடும்பம் அது. எனவே சாம்பியன் வைத்திருக்கும் அதே பிஸ்டலை முதல் மாதமே வாங்கித் தருவது பாசமாகலாம், விவேகமாகாது. அவர் கை வேறு, உங்கள் பிள்ளையின் கை வேறு. வளரும் பிள்ளையின் கை இரண்டு வருடத்தில் ஓர் அளவு கூடிவிடும்.

ஆறு மாதமாவது பயிற்சிக் கூடத்துப் பிஸ்டலிலேயே சுடட்டும். அதற்குள் கையின் அளவும் தெரியும், ஆர்வத்தின் அளவும் தெரியும். அதன் பின்பும் தொடர்ந்தால், பிஸ்டல் ஒருமுறை, கைப்பிடி மட்டும் வளர வளர மாற்றுவது என்று திட்டமிடலாம்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் இயந்திரம் இயந்திரம்தான். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் இதே மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருந்தபோது பிஸ்டல் பழுதடைந்தது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் ஏறத்தாழ இருபது நிமிடம் போய்விட்டது. 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கை நழுவியது. மூன்று வருடம் கழித்து அவர் பாரிசில் மேடை ஏறினார். பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்காமல் கருவியை மட்டும் வாங்கித் தராதீர்கள். காற்று உருளையில் அழுத்தம் 200 பார் வரை இருக்கும். பயணி ரயிலின் பிரேக் குழாயில் ஓடும் காற்றைப் போல நாற்பது மடங்கு! உருளையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதி கடந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. குண்டு ஈயம் என்பதால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளை டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது. இதை அம்மாமார்கள் கண்டிப்பாகப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

சட்டமும் வீட்டுப் பாதுகாப்பும்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் நம் கணக்குப்படி 6 ஜூல் அளவுதான். ஆனாலும் அடையாளச் சான்று கொடுத்து, ரசீது வாங்கி, பத்திரப்படுத்துங்கள். .22, .32 ஆகியவற்றுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட ரகம், சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையாது.

இங்கே இன்னொரு கேள்வியையும் தொட்டாக வேண்டும். 2012 டிசம்பரில் இந்நகரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்று கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலவை உலோகம், எடை 500 கிராம், அப்போதைய விலை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. இரவு நேரம் வேலை முடிந்து திரும்பும் மகளுக்கு ஒன்று வாங்கித் தரலாமா என்று கவலைப்பட்ட தந்தையர் நம்மில் உண்டு. கவலை நியாயமானது. ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். கைப்பைக்குச் சுகமான அந்த அரை கிலோதான் சுடும்போது அதிகம் உதைக்கும். வாரா வாரம் பழகாத கை, பதற்றத்தில், இருட்டில், சில வினாடிகளில் அதைச் சரியாகக் கையாளும் என்று எந்தப் பொறியாளரும் உத்தரவாதம் தரமாட்டார். வருடத்தின் மற்ற நாட்களில் அது வீட்டு அலமாரியில் இருக்கும், பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருப்பார்கள். என் கருத்தில், வீட்டுக்குள் துப்பாக்கி நுழைவதால் குறையும் ஆபத்தைவிடக் கூடும் ஆபத்தே அதிகம்.

டில்லிக் கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி இவ்வாறு சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழகும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம்: குண்டு இல்லை என்று தெரிந்தாலும் மனிதரை நோக்கி நீட்டாதே. சுடும்வரை விசையில் விரல் வைக்காதே. வீட்டில் ஏர் பிஸ்டலும் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். சாவி பெரியவர்களிடம்.

சீரான மூச்சு, அசையாத நிலை, ஒருமுகப்பட்ட மனம் ஆகிய மூன்றும் இந்த விளையாட்டு தரும் வரம். படிப்பில் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு இது உதவுவதாகப் பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு துக்ளகாபாத் மைதானத்துக்கோ, அருகிலுள்ள பயிற்சிக் கூடத்துக்கோ சென்று விசாரியுங்கள். அன்றே எதையும் வாங்கிவிடாதீர்கள். நான்கைந்து பிஸ்டலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கண்ணை மூடி உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். எது சரி என்று பிள்ளையின் கையே உங்களுக்குச் சொல்லும்.